நம் சங்கத்தின் இணையதளம் தேடுவோர் கண்ணில் படுவது எங்ஙனம்?

சென்ற மாதம் வாலிகண்டபுரம் வட்டாரத்தில் ஒரு சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். வரவு செலவு அறிக்கை படிக்கப்பட்டபோது, 'இணையதளப் பராமரிப்பு' என்ற இனத்தைக் கேட்டதும் வயது முதிர்ந்த நெசவாள அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். "இன்ஸ்பெக்டர் ஐயா, இணையதளம் வைத்து இரண்டு வருஷமாகிறது. சென்னையில் இருக்கும் என் மகன் நம் ஊர்ச் சேலை என்று தேடினால் யார் யாரோ வருகிறார்களாம். நம் சங்கம் மட்டும் வரவில்லையாம். பிறகு இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்டார்.

நிர்வாகிகள் என் முகத்தைப் பார்த்தனர். நான் கைபேசியை எடுத்து, வாங்க விரும்பும் ஒருவர் எப்படித் தட்டுவாரோ அப்படியே தட்டிப் பார்த்தேன். முதற்பக்கத்தில் சங்கம் இல்லை; இரண்டாம் பக்கத்திலும் இல்லை. அங்கே நின்றவர்களுள் பலர் இடைநிலை வியாபாரிகள். கைத்தறி என்ற பெயரில் அவர்கள் குறித்திருந்த விலையைப் பார்த்தால், அத்துணி கைத்தறியில் நெய்யப்பட்டதுதானா என்று நெசவறிந்த எவரும் ஐயுறுவர். கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-ல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது; அசல் கைத்தறிக்கு 2006-ல் கைத்தறி முத்திரையும் வந்தது. இவையெல்லாம் இருந்தும், தேடுகின்றவர் கண்ணுக்கு முதலில் படுபவரே விற்கின்றார். அங்கத்தினர் நெய்த சேலை சங்கத்தின் அலமாரியில் தேங்குகின்றது. சரக்குத் தேங்கினால் கூலியும் தேங்கும் என்பதை அங்கத்தினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று அவருக்குச் சுருக்கமாகவே விடை கூற முடிந்தது. அதனைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். கணினி அறிந்தோர்க்கு இதில் புதியது அதிகம் இராது. சங்கத்தின் பணத்தைச் செலவிடும் பொறுப்புள்ள நிர்வாகிகளுக்கும், அதைக் கேள்வி கேட்கும் உரிமையுள்ள அங்கத்தினர்களுக்குமே இப்பாடம்.

தேடுபொறி செய்யும் வேலை

கூகிள் போன்ற தேடுபொறி, நாம் கேட்ட கணத்தில் உலகமெல்லாம் ஓடித் தேடுவதாகப் பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. நம் சங்கத்துப் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்கத்தினரின் கணக்கைக் காண ஏடு முழுவதையும் புரட்டுவதில்லை. முன்பக்கத்துப் பெயரகராதியைப் பார்த்துப் பக்க எண்ணை அறிகிறோம். தேடுபொறியும் அத்தகைய அகராதி ஒன்றை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கின்றது. அதன் நிரல் ஒன்று, ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பற்றி மறு பக்கத்திற்குச் சென்று, கண்டதைப் படித்துக்கொண்டே ஓயாது அலைகின்றது. படித்த பக்கங்கள் அட்டவணையில் பதியப்படுகின்றன. நாம் தட்டும் சொற்களுக்குப் பொருந்தும் பக்கங்களை அவ்வட்டவணையிலிருந்து எடுத்து வரிசைப்படுத்துவது மூன்றாவது வேலை.

ஆகவே, நம் தளம் முன்வரிசையில் வரவில்லை என்னும்போது, முதலில் கேட்க வேண்டிய கேள்வி வரிசையைப் பற்றியதன்று. நாம் அட்டவணையில் இருக்கிறோமா என்பதே. இதை எவரும் சோதிக்கலாம். கூகிளில் 'சைட்' என்னும் ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் சங்கத்தின் இணைய முகவரியைத் தட்டினால், பதியப்பட்ட நம் பக்கங்கள் தோன்றும். ஒன்றும் தோன்றாவிட்டால் பெரும்பாலும் உள்ளே ஏதோ தடை இருக்கிறதென்று கொள்ளலாம். தளத்தை அமைக்கும் காலத்தில், 'இப்பக்கத்தை அட்டவணையில் சேர்க்காதே' என்றொரு கட்டளையை எழுதி வைப்பது தொழில்நுட்பக்காரர் வழக்கம். வேலை முடிந்தபின் அதை நீக்க மறந்துவிடுவதும் உண்டு! கடையைத் திறந்துவிட்டுக் கதவில் 'விடுமுறை' என்ற பலகையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பானது இது.

எழுத்தாக இல்லாதது இல்லாததே

நான் பார்த்த அச்சங்கத்தின் தளத்தில் தடைக்கட்டளை ஏதும் இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது. முகப்பு முழுவதும் ஒரே படம். சங்கத்தின் பெயர், சேலை ரகங்கள், விலைப்பட்டியல் யாவும் அச்சிட்ட தாளைப் படமெடுத்து ஒட்டப்பட்டிருந்தன. மனிதர் கண்ணுக்கு அது அழகிய தளம். தேடுபொறிக்கோ ஏறக்குறைய வெற்றுத்தாள். படத்திலுள்ள எழுத்தை இயந்திரம் ஓரளவு படிக்கக் கற்றிருக்கிறது என்பது மெய்யே. ஆயினும் அதை நம்பி விலைப்பட்டியலைப் படமாக இடுவது விவேகமாகாது. செய்தியை எழுத்தாக எழுத வேண்டும். படம் தேவைப்படும் இடத்தில், அப்படம் எதைக் காட்டுகிறது என்பதை 'மாற்றுரை' என்னும் குறிப்பாக அதனோடு சேர்க்க வேண்டும். இது, பார்வையற்றோர் கணினியில் கேட்டறிவதற்கும் உதவும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய மற்றொரு குறை உண்டு. பாமினி முதலான பழைய எழுத்துருக்களில், தமிழ் எழுத்தின் வடிவம் ஆங்கில எழுத்துக்கு உரிய இடத்தில் வைக்கப்பட்டிருக்கும். திரையில் 'கைத்தறி' என்று தோன்றுவது, கணினியின் உள்ளே பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே கிடக்கும். அத்தகைய பக்கத்தில் 'கைத்தறி' என்ற சொல் தேடுபொறிக்கு அகப்படாது. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-ல் அதனைத் தர முறையாக ஏற்றது. எனினும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் வழக்கொழியவில்லை. அச்சகத்தில் தட்டச்சு செய்த அறிக்கையை அப்படியே தளத்தில் ஏற்றும்போது இக்குறை நுழைந்துவிடுகிறது. தளத்தில் ஒரு வரியை நகலெடுத்துக் கைபேசியின் செய்திப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நன்று; ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால் அப்பக்கத்தை மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டும்.

வாங்குவோர் வாயில் வரும் சொல்

அடுத்து, எதை எழுதுவது என்ற கேள்வி. பெரும்பாலான சங்கத் தளங்கள் பதிவு எண், பதிவு நாள், நிர்வாகக் குழு என்று தொடங்கி, முன்னாள் தலைவர்களின் படங்களோடு முடிந்துவிடுகின்றன. இவை நம் ஆய்வுக்கு வேண்டியவை. (ஆய்வு செய்கிறவன் என்ற முறையில் நானே இதைச் சொல்லலாம்.) ஆனால் சேலை வாங்க வருகிறவர் பதிவு எண்ணைத் தேடி வருவதில்லை.

வாங்குவோர் எச்சொல்லால் தேடுவர் என்று முதலில் சிந்திக்க வேண்டும். நாம் 'சேலை' என்போம்; மற்றொருவர் 'புடவை' என்பார்; பட்டணத்து இளைஞர் 'காட்டன் சாரி' என்று ஆங்கில எழுத்திலே தட்டுவார். இலக்கணமறிந்த நாம் 'கைத்தறிச் சேலை' என்று ஒற்றிட்டு எழுதுவோம்; தேடுகின்றவர் ஒற்றை விட்டுவிடுவார். ஒற்றுப் பிழையைத் தேடுபொறி பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். அதற்காக நாம் பிழையாக எழுத வேண்டியதில்லை. சொல்லே வேறானால் அதுவே ஊகித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாமல், இயல்பாக ஓரிடத்தில் அச்சொல்லையும் வழங்குவது நலம்.

நம் மாவட்டத்துச் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொள்வோம். ஆலத்தூர் வட்டத்துச் செட்டிகுளம் பகுதியில் அது எவ்வளவு விளைகிறது என்பதை எல்லாரும் அறிவர். விளைவிப்போர் 'சின்ன வெங்காயம்' என்பர். சென்னைச் சமையலறையில் அது 'சாம்பார் வெங்காயம்'. ஏற்றுமதி செய்வோர் வேறோர் ஆங்கிலப் பெயரால் அழைப்பர். நடவுக்கு வாங்கும் அயல் மாவட்ட விவசாயியோ 'விதை வெங்காயம்' என்றே தேடுவார். நால்வரும் கேட்பது ஒரே பொருளாயினும் நால்வர் தேவையும் ஒன்றன்று. விதை வெங்காயத்திற்குத் தனிப் பக்கம் எழுதுங்கள். எப்பருவத்து அறுவடை, பட்டறையில் எத்தனை நாள் வைத்தது, எவ்வளவு அளவில் கொடுக்க இயலும், லாரி வாடகை யாருடையது என்று நாள்தோறும் தொலைபேசியில் சொல்லும் விடைகளை அப்படியே எழுதினால் போதும். தேடுபொறிக்கென்று தனியாக எதுவும் புனைய வேண்டியதில்லை.

ஊர்ப்பெயரிலும் கவனம் வேண்டும். வாலி வழிபட்ட தலம் என்று பெயர் பெற்ற நம் வாலிகண்டபுரத்தை, ஆங்கில எழுத்தில் 'வாலிகண்டபுரம்' என்றும் 'வாலிகொண்டபுரம்' என்றும் இருவிதமாக எழுதுகின்றனர். 1751-ல் இங்கே நடந்த போரைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் 'வால்கொண்டா' என்று வேறொரு விதமாக எழுதி வைத்துவிட்டனர். சங்கத்தின் பெயர்ப்பலகையில் ஒருவிதம், ரசீதில் ஒருவிதம், தளத்தில் வேறொருவிதம் என்றிருந்தால் மனிதரே மயங்குவர்; இயந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. ஒரு வடிவத்தை முடிவு செய்து எங்கும் அதையே எழுதுக. தமிழிலும் ஆங்கிலத்திலும் முழு முகவரியை, பெரம்பலூர் மாவட்டம் என்பதோடு சேர்த்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடுக.

ஒவ்வொரு பக்கத்திற்கும் தலைப்பு ஒன்று உண்டு. தேடுபொறியின் பட்டியலில் பெரிய எழுத்தில் தோன்றுவது பெரும்பாலும் அதுவே. பல சங்கத் தளங்களில் எல்லாப் பக்கங்களுக்கும் 'முகப்பு' என்ற ஒரே தலைப்பு இருக்கக் கண்டேன். முகப்பு என்று தேடுவோர் எவர்? 'பருத்திக் கைத்தறிச் சேலை, 80-ம் நம்பர் நூல், வாலிகண்டபுரம்' என்று தலைப்பிருந்தால், தேடுவோர்க்கும் விளங்கும், பொறிக்கும் விளங்கும். ஒரு ரகத்திற்கு ஒரு பக்கம் என்பது நல்ல ஏற்பாடு. நூல் எண், நீளம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா, சாயம் நிற்குமா, எப்படித் துவைப்பது, நெய்ய எத்தனை நாளாயிற்று என்பனவற்றை நம்மைக் காட்டிலும் அறிந்தவர் யார்? கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் படமும் பெயரும் தாங்கிய அட்டையை இணைத்து விற்றதை அங்கத்தினர்கள் அறிவீர்கள். தளத்திலும் அவ்வாறு செய்யலாம். நெய்தவரின் சம்மதம் பெற்றே செய்ய வேண்டும். இடைநிலை வியாபாரி எவரும் அத்தகைய பக்கத்தை எழுத முடியாது. அவருக்கு நெய்தவரையே தெரியாது.

ஜாமீன்தார் யார்?

ஒரே பொருளைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் எழுதப்பட்டிருக்க, எதை முன்னே வைப்பது? இங்கேதான் தேடுபொறியின் அடிப்படைக் கருத்தொன்று இருக்கின்றது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் என்ற இருவர் 1998-ல் வெளியிட்ட கட்டுரையில் இதை விளக்கினர். கூகிள் நிறுவனம் தோன்றியதும் அவ்வாண்டே. அதுவரை இருந்த தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை, எவ்விடத்தில் வருகிறது என்பதையே சார்ந்திருந்தன. இவ்விருவரும், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுகின்றவை எத்தகையவை என்பதைக் கணக்கிட்டனர்.

கூட்டுறவாளர்க்கு இது புதிய தத்துவமன்று. கடன் மனு வந்தால் மனுதாரர் தம்மைப் பற்றிச் சொல்வதோடு நாம் நிற்பதில்லை. ஜாமீன்தார் யார் என்று பார்க்கிறோம். நாணயமுள்ளவர் ஒருவரின் ஜாமீன், ஊர்பேர் அறியாத பத்துப்பேரின் கையெழுத்தைவிட மேலானது. அந்த நாணயஸ்தரே ஊரில் எல்லாருக்கும் ஜாமீன் நின்றால், அவர் கையெழுத்தின் மதிப்பும் குறைந்துவிடும். அவ்விருவரின் கணக்கிலும் இது அப்படியே அமைந்துள்ளது. 10 பங்கு மதிப்புள்ள ஒரு பக்கம் இரண்டு தளங்களைச் சுட்டினால் ஒவ்வொன்றுக்கும் 5 பங்கு. ஐந்து தளங்களைச் சுட்டினால் 2 பங்கு. இக்கணக்கை நுணுக்கம் குறைத்தே இங்கே சொன்னேன். இன்று அதனோடு வேறு பல அளவுகோல்களும் சேர்ந்துவிட்டன. ஆயினும் பிறர் தரும் நற்சான்று இன்றும் எடையுள்ளதே.

அச்சான்று நமக்கு எங்கிருந்து கிடைக்கும்? மாவட்ட நிர்வாகம், கைத்தறித் துறை, தலைமைச் சங்கம் ஆகியவற்றின் தளங்களில் சங்கங்களின் பட்டியல் இருந்தால், நம் இணைய முகவரி அதில் சரியாக உள்ளதா என்று பார்த்து, இல்லையேல் எழுதிக் கேட்கலாம். நம்மிடம் கொள்முதல் செய்யும் கடைகளும் கல்லூரிகளும் தங்கள் தளத்தில் நம்மைக் குறிப்பிடுமாறு வேண்டலாம். பத்திரிகை நிருபர் வந்து போனால் கட்டுரையில் இணைப்பைச் சேர்க்கச் சொல்லலாம். அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அவ்வூர்ப்பெயர் செய்தித்தாள்களிலெல்லாம் வந்தது. அத்தகைய வேளையில் சொந்தத் தளம் செம்மையாக உள்ளவர்க்கு அதன் பலன் தளத்திலும் வந்து சேரும். இல்லாதவர்க்குப் புகழ் மட்டும் மிஞ்சும்.

குறுக்கு வழியாளர்

ஜாமீன் உள்ள இடத்தில் பொய் ஜாமீனும் தோன்றுவது உலக இயல்பு. இணைப்புகளை விலைக்கு விற்போர் தோன்றினர். வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு முறை எழுதி மறைத்தோரும் உண்டு. 2006 பிப்ரவரியில், ஜெர்மனியின் புகழ்பெற்ற பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தைக் கூகிள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. தேடுபொறிக்கு ஒரு பக்கத்தையும் மனிதர்க்கு வேறொரு பக்கத்தையும் காட்டியதே காரணம். அந்நிறுவனம் அப்பக்கங்களை அகற்றியபின் சில நாளில் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2011-ல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்னும் பெருங்கடை, விலைக்கு வாங்கிய இணைப்புகளால் முன்வரிசையில் நின்றதை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளிப்படுத்தியதும், அதன் தளம் வெகுவாகப் பின்னே தள்ளப்பட்டது. 2012 ஏப்ரலில், இத்தகைய பொய் இணைப்புகளையே குறி வைத்து 'பெங்குயின்' என்ற திருத்தம் வந்தது. அவ்வளவு பெரிய நிறுவனங்கள் விழுந்து எழுந்தன. நம் சங்கம் விழுந்தால் தூக்கி நிறுத்த யார் வருவார்?

"மாதம் இவ்வளவு கொடுங்கள், முதலிடத்தில் கொண்டு வருகிறோம்" என்று தொலைபேசியில் அழைப்போர் சங்கங்களையும் விட்டபாடில்லை. முதலிடத்திற்கு எவரும் உத்தரவாதம் தர இயலாதென்று கூகிள் நிறுவனமே அறிவித்துள்ளது. பணம் பெற்றுக்கொண்டு வரிசையில் உயர்த்துவதும் அதனிடம் இல்லை. பணம் கொடுத்துப் பெறுவது விளம்பர இடம். அதில் விளம்பரம் என்ற குறிப்பு இருக்கும், பணம் நின்றால் இடமும் போகும். சிலர் 'கீ-வேர்டு' என்னும் மறைகுறிச் சொற்களைப் பக்கத்தின் தலைக்குறிப்பில் சேர்ப்பதற்கென்று தனிக் கட்டணம் கேட்கின்றனர். வரிசைப்படுத்துவதில் அக்குறிப்பைத் தான் பார்ப்பதே இல்லை என்று கூகிள் 2009-லேயே சொல்லிவிட்டது. அத்தகைய செலவுச்சீட்டு தணிக்கைக்கு வந்தால் நான் கட்டாயம் கேள்வி எழுதுவேன்.

செலவின்றிச் செய்யக்கூடியவை

முதலாவது, கூகிள் வரைபடத்தில் சங்கத்தின் விற்பனை நிலையத்தைப் பதிவு செய்வது. இதற்குக் கட்டணம் இல்லை. உரிமையாளர் என்று மெய்ப்பித்தல் மட்டும் வேண்டும். அருகில் உள்ள கடையைத் தேடுவோர்க்கு, தேடும் பொருளின் பொருத்தம், தொலைவு, கடையின் பெயர்ப்புகழ் ஆகிய மூன்றையும் கொண்டே வரிசை அமைகின்றது. திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே நெடுஞ்சாலையில் செல்வோர் எத்தனைபேர் நம் ஊரைக் கடந்து போகின்றனர்! திறக்கும் நேரம், விடுமுறை நாள், தொலைபேசி எண், கடை முகப்பின் படம் ஆகியன சரியாக இருக்க வேண்டும். வாங்கியோர் எழுதும் கருத்துரைக்கு மரியாதையாக விடை எழுத வேண்டும். சங்கத்து ஊழியர்களையே கொண்டு புகழுரை எழுதச் செய்வது வேண்டா. அதுவும் பொய் ஜாமீனே.

இரண்டாவது, தளம் கைபேசியில் விரைந்து திறக்க வேண்டும். கேமராவில் எடுத்த படத்தைச் சுருக்காமல் ஏற்றுவதே தாமதத்திற்குப் பெரும்பாலும் காரணம். ஊரில் அலைக்கற்றை நன்றாக உள்ள இடத்தில் சோதிக்காமல், பேருந்தில் போகும்போது திறந்து பாருங்கள்.

மூன்றாவது, 'சர்ச் கன்சோல்' என்ற இலவச ஏட்டில் தளத்தைப் பதிவு செய்து, மாதம் ஒருமுறை பார்ப்பது. எச்சொற்களைத் தேடியோர்க்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனைபேர் உள்ளே வந்தனர், எப்பக்கம் பதியப்படவில்லை என்பதெல்லாம் அதில் தெரியும். நாம் எண்ணாத சொல்லால் மக்கள் வருவது அதில்தான் விளங்கும். அச்சொல்லுக்கு நம் பக்கத்தில் விடை இல்லையெனில் எழுதிச் சேர்க்கலாம். செய்த திருத்தத்தின் பலன் மறுநாள் தெரியாது. சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம். 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் கூகிள், சில கேள்விகளுக்குத் தானே விடையைத் தொகுத்துப் பட்டியலுக்கு மேலே தருகின்றது. அவ்விடையும் பிறர் எழுதிய பக்கங்களிலிருந்தே தொகுக்கப்படுவதால், தெளிவாக எழுதி வைத்தோர்க்கு அங்கும் இடமுண்டு.

இறுதியாக, ஆய்வாளன் என்ற முறையில் ஒன்றை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. இணைய முகவரி சங்கத்தின் சொத்து. அது தளம் அமைத்துக் கொடுத்தவர் பெயரிலோ, முன்னாள் செயலாளரின் சொந்த மின்னஞ்சலிலோ பதிவாகியிருத்தல் கூடாது. அதைக் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். தவறினால் ஒரு காலக்கெடுவுக்குப்பின் வேறெவரும் அதை வாங்கிக்கொள்ளலாம். பல ஆண்டு சேர்த்த நற்சான்றுகள் யாவும் அவர் கைக்குப் போய்விடும். முகவரி யார் பெயரில் உள்ளது, எந்நாளில் காலாவதியாகிறது, வரைபடப் பதிவின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லை மட்டும் புத்தகத்தில் எழுதாமல் முத்திரையிட்ட உறையில் இரும்புப் பெட்டியில் வையுங்கள்.